பென் டிரைவ் பாதி வழியில் ஏன் மூச்சு வாங்குகிறது?

பெரிய வீடியோ ஒன்றைப் பென் டிரைவில் ஏற்றியபோது முதலில் நொடிக்கு 80 மெகாபைட் வேகம் காட்டியதாம். கொஞ்ச நேரத்தில் 10க்கு இறங்கிவிட்டதாம். மறுநாள் அதே வீடியோவை வெளியே எடுத்தபோது 100க்கு மேல் போயிருக்கிறது. “டிரைவ் கெட்டுப்போய்விட்டதா?” என்று ஒரு வாசகர் கேட்டிருக்கிறார். கெடவில்லை. படிப்பதில் வேகமும் எழுதுவதில் நிதானமும் அதன் பிறவிக் குணம்.

முதலில் போர்ட்டைப் பார்த்துவிடலாம். யுஎஸ்பி 2.0 நொடிக்கு 480 மெகாபிட், அதாவது (எட்டு பிட் ஒரு பைட் என்பதால்) 60 மெகாபைட் வரைதான் தாங்கும். நடைமுறையில் அதுவும் கிடைக்காது. 3.0 என்றால் 5 கிகாபிட். வாசகருக்குப் படிக்கும்போது 100 கிடைத்திருப்பதால் போர்ட்டில் குறை இல்லை. காரணம் டிரைவுக்குள்ளே இருக்கிறது.

உள்ளே இருப்பவை கோடிக்கணக்கான செல்கள். ஒவ்வொரு செல்லும் மின்சாரம் கடத்தாத சுவர் சூழ்ந்த, வாசலே இல்லாத ஒரு குட்டி அறை. அதற்குள் எவ்வளவு எலக்ட்ரான் இருக்கிறது என்பதுதான் நாம் சேமிக்கும் தகவல். வாசல் இல்லாத அறைக்குள் எலக்ட்ரான் எப்படிப் போகும்? சுமார் 20 வோல்ட் கொடுத்தால், குவாண்டம் விதிப்படி சுவரையே ஊடுருவிப் போய்விடும். அழுத்தத்தை நிறுத்தினால் ஆண்டுக்கணக்கில் உள்ளேயே கிடக்கும். இந்த ஊடுருவலின் கணக்கை ஃபௌலர், நார்ட்ஹைம் என்ற இயற்பியலாளர்கள் எழுதியது 1928இல். உலோகத்திலிருந்து எலக்ட்ரான் எப்படி வெளிவருகிறது என்று அறியத்தான் எழுதினார்கள். தோஷிபாவின் ஃபுஜியோ மசுவோகா இன்றைய பென் டிரைவின் அடிப்படையான நாண்ட் ஃபிளாஷை அறிவித்தது 1987இல். ‘இதனால் உடனடிப் பயன் என்ன?’ என்று கேட்டு அடிப்படை ஆராய்ச்சியின் நிதியில் கை வைப்பவர்கள் இந்த இரண்டு ஆண்டுகளுக்கும் நடுவே உள்ள தூரத்தைப் பார்க்க வேண்டும்.

சரி, எனக்கு மிகவும் பிடித்த இடத்துக்கு வருகிறேன். ஒரு செல்லுக்குள் எலக்ட்ரானைத் தனியாக ஏற்றலாம், ஆனால் தனியாக இறக்க முடியாது. ஒரே தடவையில் எழுதப்படும் செல் கூட்டத்துக்கு பேஜ் என்று பெயர். இறக்கும் மின்னழுத்தம், நூற்றுக்கணக்கான பேஜ்கள் சேர்ந்த ஒரு பிளாக் முழுவதற்கும் பொதுவானது. அழித்தால் மொத்தமும் ஒரே வீச்சில் அழியும். கேமரா ஃபிளாஷ் மின்னுவதுபோல் இருக்கிறதே என்று மசுவோகாவின் சக ஊழியர் சொன்னதிலிருந்துதான் ‘ஃபிளாஷ்’ என்ற பெயரே வந்தது.

இப்போது எழுதும் வேலையை யோசித்துப் பாருங்கள். டிஎல்சி என்ற ஃபிளாஷ் வகையில் ஒரு செல்லுக்கு 3 பிட், அதாவது மூன்று 0 அல்லது 1. அதற்கு எலக்ட்ரான் அளவில் எட்டு நிலைகள் வேண்டும். எட்டுக் கோடு போட்ட குப்பியில் சரியாக ஐந்தாம் கோடு வரை எண்ணெய் ஊற்ற வேண்டும், ஒரு சொட்டு கூடினாலும் திரும்ப எடுக்க வழியில்லை என்றால் எப்படி ஊற்றுவோம்? சொட்டுச் சொட்டாகத்தானே! டிரைவும் அதையேதான் செய்கிறது. ஒரு சிறு மின்துடிப்பு கொடுக்கும், அளவைப் படித்துப் பார்க்கும், போதாவிட்டால் கொஞ்சம் கூடுதல் அழுத்தத்தில் இன்னொரு துடிப்பு, மறுபடி சோதனை. படிக்கும்போது இந்தப் பொறுமை தேவையில்லை. எந்தக் கோட்டில் நிற்கிறது என்று பார்த்தால் போதும்.

அப்படியானால் தொடக்கத்தில் வந்த 80? பல டிரைவ்கள் சில செல்களில் ஒரே ஒரு பிட்டை வைத்து அவசரமாக எழுதிக்கொள்ளும். இரண்டே நிலைகள் என்பதால் அங்கே துல்லியம் அவ்வளவாக வேண்டாம். அந்த இடம் நிரம்பியதும் சொட்டு வேலை ஆரம்பமாகிவிடும். அது போக, கணினியும் தகவலை முதலில் ரேம் என்ற தன் தற்காலிக நினைவகத்தில் வாங்கிக்கொண்டு ‘எழுதியாயிற்று’ என்று காட்டுவதுண்டு.

ஆயிரம் குட்டி ஃபைல்கள் இன்னும் மோசம். ஒவ்வொன்றுக்கும் பெயர்ப் பட்டியலைத் திருத்த வேண்டும். எழுதிய இடத்திலேயே திருத்த முடியாது. புதிய இடத்தில் எழுதி, பழைய பிளாக்கில் மிச்சமுள்ள நல்ல பேஜ்களை இடம் மாற்றி, அப்புறம்தான் அதை அழிக்க முடியும். டிரைவ் நிரம்ப நிரம்ப இந்த இடமாற்றம் கூடிக்கொண்டே போகும். அதனால் குட்டி ஃபைல்களை ஒரே ஜிப்பாக்கி அனுப்புங்கள், கொஞ்சம் காலியிடமும் விட்டு வையுங்கள்.

காப்பி ஆகும்போது ரெஃப்ரெஷை அழுத்திக்கொண்டே இருந்தால் வேகம் கூடும் என்று நம்புகிறவர்கள் நிறையப் பேர். ரெஃப்ரெஷ் திரையிலுள்ள பட்டியலைத்தான் புதுப்பிக்கும். செல்லுக்குள் நுழையும் எலக்ட்ரானுக்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை. 100 சதவீதம் காட்டிய பிறகு ‘வெளியேற்று’ கொடுத்துக் காத்திருப்பது அப்படியல்ல. ரேமில் தேங்கிய மிச்சம் அப்போதுதான் செல்லுக்குள் இறங்கிக்கொண்டிருக்கும்.