மூன்றரைக் கிலோ எக்ஸ்-ரே: எடை எங்கே போனது?

1974-ல் உலக சுகாதார நிறுவனத்தின் காசநோய் வல்லுநர் குழு, தன் ஒன்பதாவது அறிக்கையில் ஒரு வழக்கத்தைக் கைவிடச் சொன்னது. எக்ஸ்-ரே கருவியை வண்டியில் ஏற்றிக்கொண்டு ஊர் ஊராகப் போய், வந்தவர் போனவர் எல்லோருக்கும் மார்புப் படம் எடுக்கும் வழக்கம் அது. செலவு அதிகம், வண்டி பழுதாகிக் கிடக்கும் நாட்களும் அதிகம், எடுத்த படத்தைப் படிக்கத் தேர்ந்த மருத்துவர் வேண்டும். 47 ஆண்டுகள் கழித்து, 2021-ல், அதே நிறுவனம் வேறு மாதிரி பேசியது. 15 வயதும் அதற்கு மேலும் ஆனவர்களிடம் காசநோயைத் தேட, கணினியே படித்துச் சொல்லும் மார்பு எக்ஸ்-ரேயைப் பயன்படுத்தலாம் என்று பரிந்துரைத்தது.

எக்ஸ்-ரேயின் இயற்பியல் 1895-ல் ரோன்ட்ஜன் கண்டபடியேதான் இருக்கிறது. இடைப்பட்ட காலத்தில் கருவி இளைத்துவிட்டது. படத்தைப் படிக்க ஒரு மென்பொருளும் வந்து சேர்ந்துவிட்டது. மென்பொருளைப் பற்றித்தான் ஊடகங்கள் ஓயாமல் எழுதுகின்றன. எனக்கு அதைவிடச் சுவையாகத் தோன்றுவது கருவி இளைத்த கதை.

ஜப்பானின் ஃபியூஜிஃபிலிம் நிறுவனம் 2018-ல் கையடக்க எக்ஸ்-ரே ஒன்றை அந்த நாட்டில் விற்பனைக்குக் கொண்டுவந்தது. எடை 3.5 கிலோ. பார்ப்பதற்குச் சற்றுப் பெரிய கேமராவைப் போல இருக்கும். படுக்கையைவிட்டு எழ முடியாத முதியவர்களை வீட்டிலேயே போய்ப் பார்க்கும் மருத்துவர்களுக்காக அதை உருவாக்கினார்கள். நிமோனியா வந்திருக்கிறதா, விழுந்ததில் எலும்பு முறிந்திருக்கிறதா என்று அறிவதற்காக ஒரு முதியவரை ஆம்புலன்சில் ஏற்றி இறக்குவதே பெரும் துன்பம். அதைத் தவிர்க்கத்தான் இந்த ஏற்பாடு. இதே வகைக் கருவிகள்தான் பின்னர் காசநோயைத் தேடி இந்தியக் கிராமங்களுக்கும் வந்தன. 2024 டிசம்பர் 7-ல் மத்திய அரசு தொடங்கிய நூறு நாள் காசநோய் ஒழிப்பு இயக்கத்திலும் கையடக்க எக்ஸ்-ரே கருவிகள் இடம்பெற்றன.

மருத்துவமனையின் எக்ஸ்-ரே அறையை நினைத்துப் பாருங்கள். தரையில் பதித்த இரும்புத் தூண், கூரையில் தண்டவாளம், மூலையில் அலமாரி அளவுக்கு மின் சாதனம். ஆனால் எக்ஸ்-ரே உண்டாகும் இடம் உண்மையில் மிகச் சிறியது. காற்று நீக்கப்பட்ட ஒரு குழாய். அதன் ஒரு முனையில் சூடேறும் டங்ஸ்டன் இழை, எதிர்முனையில் டங்ஸ்டன் தகடு. இழையிலிருந்து கிளம்பும் எலெக்ட்ரான்களைப் பல்லாயிரம் வோல்ட் மின்னழுத்தம் இழுத்துக்கொண்டு போய்த் தகட்டில் மோதவிடுகிறது. மோதலின் ஆற்றலில் ஏறக்குறைய நூற்றில் ஒரு பங்குதான் எக்ஸ்-ரே ஆகிறது. மீதி 99 பங்கும் வெறும் வெப்பம். இவ்வளவு ஊதாரித்தனமான கருவி மருத்துவத்தில் வேறு இருக்குமா தெரியவில்லை. அந்த வெப்பத்தைத் தாங்குவதற்காகவே மருத்துவமனைக் குழாய்களில் தகட்டை நிமிடத்துக்கு ஆயிரக்கணக்கான முறை சுழலவிடுகிறார்கள்; ஒரே இடத்தில் எலெக்ட்ரான்கள் விழுந்துகொண்டிருந்தால் டங்ஸ்டனே உருகிவிடும். சுழற்றுவதற்கு மோட்டார், குளிர்விக்க எண்ணெய், கதிர் வெளியே கசியாமலிருக்க ஈயக் கவசம் என்று கனம் ஏறிக்கொண்டே போகிறது.

எல்லாவற்றையும்விடக் கனமானது மின்மாற்றி. வீட்டுக்கு வரும் 230 வோல்ட்டை ஒரு லட்சம் வோல்ட்டுக்கு அருகே உயர்த்த வேண்டும். மின்மாற்றியின் சுருளில் எழும் மின்னழுத்தம் மூன்றைப் பொறுத்தது: சுற்றுகளின் எண்ணிக்கை, இரும்பு உள்ளகத்தின் பருமன், காந்தப்புலம் எவ்வளவு வேகமாக மாறுகிறது என்பது. நம் மின்சாரம் நொடிக்கு 100 முறைதான் திசை மாறுகிறது. அந்த மந்தத்தை ஈடுகட்டப் பருமனான இரும்பும் ஏராளமான செம்புக் கம்பியும் தேவைப்பட்டன. அதே மின்சாரத்தை முதலில் நேர்மின்சாரமாக்கி, பிறகு குறைக்கடத்திச் சுவிட்சுகளால் நொடிக்குப் பல பத்தாயிரம் முறை திசை மாறச் செய்தால், உள்ளகம் கைக்குள் அடங்கும் அளவுக்குச் சுருங்கிவிடும். அதன்பின் மின்தேக்கிகளும் டையோடுகளும் ஏணிப்படி போல அடுக்கிய ஒரு சுற்று, மின்னழுத்தத்தைப் படிப்படியாகப் பெருக்கிக் கொடுக்கிறது. 1932-ல் கேம்பிரிட்ஜில் காக்கிராஃப்ட்டும் வால்டனும் லித்தியம் அணுக்கருவைப் பிளக்கப் பயன்படுத்திய அதே உத்தி இது. அன்று அதற்கு ஓர் ஆய்வுக்கூடமே வேண்டியிருந்தது.

எக்ஸ்-ரேயை ஊருக்குள் கொண்டுபோக முதலில் முயன்றவர்களில் ஒருவர் மேரி கியூரி. முதல் உலகப் போரில் காயமடைந்த வீரர்களுக்காக எக்ஸ்-ரே கருவிகளைக் காரில் ஏற்றிப் போர்முனைக்குக் கொண்டுபோனார். மின்சாரத்துக்குக் காரின் எஞ்சினே டைனமோவைச் சுழற்றியது. வண்டியோடு சேர்ந்தே இருந்ததால் மின்சாரக் கவலையும் இல்லை. வண்டியைவிட்டு வெகுதூரம் விலகவும் வழியில்லை.

மின்மாற்றி சுருங்கியது பாதிக் கதைதான். மார்புப் படத்துக்கு மருத்துவமனைக் கருவி 120 ஆயிரம் வோல்ட்டில் 300 மில்லி ஆம்பியர் மின்னோட்டத்தைச் செலுத்துகிறது என்று வைத்துக்கொள்வோம். பெருக்கினால் 36 கிலோவாட். கையடக்கக் கருவியில் 90 ஆயிரம் வோல்ட், 5 மில்லி ஆம்பியர் என்று கொண்டால் 450 வாட். ஒரு சமையலறை மிக்சி எடுக்கும் மின்சாரம். எண்பதில் ஒரு பங்கு திறனை வைத்துக்கொண்டு எப்படிப் படம் எடுக்கிறார்கள்?

ஒரு பகுதி விடை நேரத்தில் இருக்கிறது. படத்தின் கருமை, மின்னோட்டத்தை நேரத்தால் பெருக்கி வரும் அளவைச் சார்ந்தது. பெரிய கருவி ஒரு நொடியில் நூற்றில் ஒரு பங்குக்கும் குறைவான நேரத்தில் முடித்துவிடும் வேலைக்குச் சிறிய கருவி 0.2 நொடியோ அதற்குச் சற்று மேலோ எடுத்துக்கொள்கிறது. இந்த நேரத்தில் இதயம் துடிப்பதால் அதன் ஓரம் கொஞ்சம் மங்கும். மூச்சை அடக்கிக்கொண்டால் நுரையீரல் போதிய தெளிவோடு விழும். கருவியைக் கையில் பிடித்து எடுப்பதைவிடத் தாங்கியில் பொருத்தி எடுப்பது நல்லது என்பதற்கும் இதுவே காரணம். இன்னொரு பகுதி தொலைவில் இருக்கிறது. மருத்துவமனையில் குழாயை 180 சென்டிமீட்டர் தள்ளி வைப்பது வழக்கம். 120 சென்டிமீட்டருக்குக் கொண்டுவந்தால், தொலைவின் இருமடிக்கு ஏற்பக் கதிரின் அடர்த்தி 2.25 மடங்கு கூடுகிறது. பதிலுக்கு இதயத்தின் நிழல் சற்றுப் பெரிதாகத் தெரியும். காசநோயைத் தேடுபவருக்கு அது பெரிய குறையன்று.

என் கணிப்பில், பெரிய மாற்றம் நிகழ்ந்தது கதிரை உமிழும் பக்கத்தில் அல்ல, அதை வாங்கும் பக்கத்தில். நோயாளியின் உடலுக்கு மறுபக்கம் நிற்கும் டிடெக்டர் பலகையின் மேல்பரப்பில் சீசியம் அயோடைடு படலம் இருக்கிறது. இந்த உப்பை ஆவியாக்கிப் படியவைத்தால் அது நெருக்கமான நுண்ணூசிகளாக வளர்கிறது. எக்ஸ்-ரே பட்டதும் அந்த ஊசிக்குள் பச்சை ஒளி பிறக்கிறது. பக்கவாட்டில் சிதறாமல் ஊசியின் நீளத்திலேயே கீழே இறங்குகிறது. அடியில், மில்லிமீட்டரில் ஏழில் ஒரு பங்கு அளவுள்ள லட்சக்கணக்கான ஒளியுணரிகள் கண்ணாடித் தகட்டின்மேல் வரிசையாக நின்று அதை மின்னூட்டமாக மாற்றுகின்றன. படலம் தடிமனாக இருந்தால் அதிகக் கதிர் பிடிபடும். ஊசிகள் இல்லாவிட்டால் தடிமன் கூடக் கூடப் படம் கலங்கும். இரண்டையும் ஒருசேரச் சாதித்ததுதான் இந்தப் பொருளின் சாமர்த்தியம். ஃபிலிமில் கதிர் கூடினால் கறுப்பு, குறைந்தால் வெளுப்பு, மீண்டும் எடு என்றாகும். இந்தப் பலகையில் ஏற்றக்குறைவைக் கணினி சரிசெய்துகொள்கிறது. இருட்டறையும் ரசாயனத் தொட்டியும் வேண்டாம். பலகைக்கும் குழாய்க்கும் இடையே கம்பிகூட வேண்டாம்; கதிர் வந்ததைப் பலகை தானே உணர்ந்து பதிவைத் தொடங்கிவிடும்.

நுரையீரல் காற்று நிறைந்த உறுப்பு என்பதையும் மறந்துவிடக்கூடாது. கதிர் அதில் சுலபமாகப் புகுந்து வெளியேறுகிறது. இடுப்பெலும்புக்கோ வயிற்றுக்கோ பல மடங்கு கதிர் வேண்டும். பருமனான உடலாக இருந்தால் இன்னும் கூடுதல். அங்கே மூன்றரைக் கிலோ கருவி திணறிவிடும். கைக் கருவியால் எதையும் படம்பிடிக்கலாம் என்று விற்பனைக்காரர் சொன்னால் நம்ப வேண்டாம்.

கதிர்வீச்சுப் பயம் நியாயமானது, ஆனால் அளவோடு இருக்க வேண்டியது. ஒரு மார்புப் படத்தில் உடல் வாங்கும் அளவு சுமார் 0.02 மில்லி சீவர்ட். மண்ணிலிருந்தும் விண்ணிலிருந்தும் நாம் எல்லோரும் ஆண்டுக்குச் சராசரியாக 2.4 மில்லி சீவர்ட் வாங்குகிறோம். ஆக, ஒரு படம் மூன்று நாள் இயற்கைக் கதிர்வீச்சுக்குச் சமம். கவலைப்பட வேண்டியவர் நாள் முழுவதும் படம் எடுக்கும் பணியாளர்தான். நோயாளியின் உடலில் பட்டுச் சிதறும் கதிர் ஒரு மீட்டர் தள்ளி ஆயிரத்தில் ஒரு பங்கு அளவுக்குக் குறைந்துவிடும். இரண்டு மீட்டரில் அதிலும் கால் பங்கு. தள்ளி நின்று இயக்குவதும் ஈய மேலங்கியும் அவருக்கான விதிகள். சிறிய கருவிதானே என்று இந்தியாவில் யாரும் வாங்கி வைத்துக்கொள்ள முடியாது. அணுசக்தி ஒழுங்குமுறை வாரியத்தின் உரிமம் வேண்டும்.

இனி, எதற்காக இத்தனை பாடு? காசநோய்ச் சிகிச்சை வீட்டுக்கு வந்து பல பத்தாண்டுகள் ஆகின்றன. அதற்கான ஆதாரம் சென்னையில்தான் கிடைத்தது. 1956-ல் தொடங்கிய ஆய்வில் 193 நோயாளிகளில் ஒரு பகுதியினருக்குச் சானடோரியம் எனும் காசநோய் மருத்துவமனையிலும் மற்றவர்களுக்கு வீட்டிலும் ஒரே மருந்தைக் கொடுத்துப் பார்த்தார்கள். நெரிசலான வீடு, போதாத சாப்பாடு எல்லாம் இருந்தும் வீட்டில் இருந்தவர்கள் ஏறக்குறைய அதே அளவுக்குக் குணமானார்கள். வீட்டாருக்கும் கூடுதல் ஆபத்து இல்லை. 1959-ல் முடிவு வெளியானது. சானடோரியங்களின் காலம் மெல்ல முடிந்தது. அந்த ஆய்வை நடத்திய மையம்தான் இன்றைய தேசியக் காசநோய் ஆராய்ச்சி நிறுவனம். ஆனால் நோயைக் கண்டுபிடிப்பது மட்டும் மருத்துவமனையிலேயே தங்கிவிட்டது. 2019 முதல் 2021 வரை நடந்த தேசியக் காசநோய்ப் பரவல் கணக்கெடுப்பில் தெரிந்த உண்மை இது: எக்ஸ்-ரே எடுக்காமல் இருமல், காய்ச்சல் உண்டா என்று மட்டும் கேட்டிருந்தால், கண்டறிந்த நோயாளிகளில் 42.6 சதவீதத்தினர் தப்பிப்போயிருப்பார்கள். அவர்களிடம் கேட்டுத் தெரிந்துகொள்ளும்படியான அறிகுறி இல்லை.

அதனால்தான் வீட்டுக்கு வீடு படம். கிராமத்தில் ஒரு நாளில் சேரும் படங்களைப் பார்க்கக் கதிரியல் மருத்துவர் கிடைக்க மாட்டார். லட்சக்கணக்கான பழைய படங்களில் பயின்ற மென்பொருள், மடிக்கணினியிலேயே, இணையம் இல்லாமலும்கூட, சில நொடிகளில் ஒரு மதிப்பெண் கொடுக்கிறது. அந்த மதிப்பெண் ‘காசநோய் உண்டு’ என்று சொல்வதில்லை. சந்தேகத்தின் அளவைச் சொல்கிறது. எந்த எண்ணுக்கு மேல் போனால் சளிப் பரிசோதனைக்கு அனுப்புவது என்பதை மனிதர்கள்தான் தீர்மானிக்க வேண்டும். சிக்கல் அங்கேதான் இருக்கிறது.

அதே கணக்கெடுப்பின்படி 15 வயதைக் கடந்த ஒரு லட்சம் பேரில் 316 பேருக்கு ஆய்வகத்தில் உறுதியான நுரையீரல் காசநோய் இருந்தது. இத்தகைய முதற்கட்டச் சோதனைக்கு உலக சுகாதார நிறுவனம் கேட்கும் குறைந்தபட்சத் தகுதி, நோயாளிகளில் 90 சதவீதத்தினரைப் பிடிக்க வேண்டும், நோயில்லாதவர்களில் 70 சதவீதத்தினரைச் சரியாக விட்டுவிட வேண்டும் என்பது. கணக்குப் போட்டால், அந்த லட்சம் பேரில் 284 நோயாளிகள் பிடிபடுவார்கள். கூடவே நோயில்லாத 29,900 பேரும். சந்தேகத்துக்குள்ளான நூறு பேரில் உண்மை நோயாளி ஒருவர். எப்போதோ வந்து குணமான காசநோயின் தழும்பும் மென்பொருளை ஏமாற்றும். தேடும் இடத்தை முதியவர்கள், சர்க்கரை நோயாளிகள், மெலிந்தவர்கள், காசநோயாளியோடு ஒரே வீட்டில் இருப்பவர்கள் என்று சுருக்கினால் இந்த விகிதம் மேம்படும். எல்லோரையும் நிறுத்திப் படம் எடுப்பதற்கு எதிராக 1974-ல் வந்த அறிவுரை, இந்த ஓர் இடத்தில் இன்றும் செல்லும் என்றே நினைக்கிறேன்.

பிறகு சளிப் பரிசோதனை. கிருமியின் மரபணுவைத் தேடும் ட்ரூநாட் போன்ற இந்தியக் கருவிகளும் பேட்டரியில் இயங்குகின்றன. வட்டார மருத்துவமனைகளிலேயே இருக்கின்றன. ஆனால் எக்ஸ்-ரே கண்டுபிடித்துத் தந்த அந்த 42.6 சதவீதத்தினரில் பலருக்கு இருமலே இல்லை. இருமல் இல்லாதவரால் சோதனைக்கு வேண்டிய கெட்டியான சளியைத் துப்பித் தருவது கடினம். பெரும்பாலும் எச்சில்தான் வரும். உப்புநீரை ஆவியாகச் சுவாசிக்கவைத்துச் சளியை வரவழைக்கலாம். காற்றில் கிருமி பரவும் அபாயம் இருப்பதால் அதைத் திண்ணையில் வைத்துச் செய்ய முடியாது. தடுப்பு ஏற்பாடுகள் உள்ள மருத்துவமனைக்கு அவர் பஸ் ஏறியாக வேண்டும்.