நிறைமாதத் தூக்கமும் மாலை நடையும்

கர்ப்பத்தின் முதல் மூன்று மாதங்களில் பகலிலேயே கண் சொக்கும். ஏழாம் மாதம் தாண்டினாலோ இரவிலும் தூக்கம் பிடிக்காது. இரண்டுக்கும் காரணம் உடலுக்குள்தான் இருக்கிறது. தொடக்கத்தில் புரோஜெஸ்டிரோன் என்ற ஹார்மோன் மளமளவென்று ஏறுகிறது. அது சிதைந்து உண்டாகும் ஒரு பொருள், சில தூக்க மாத்திரைகள் வேலை செய்யும் அதே ஏற்பிகளில்தான் மூளையில் போய்ச் சேருகிறது.

பிந்தைய மாதங்களில் நிலைமை மாறிவிடும். இரத்தத்தின் அளவு ஏறக்குறைய 45 விழுக்காடு கூடியிருக்கும். சிறுநீரகம் வடிகட்டும் வேகமும் பாதிக்குப் பாதி உயர்ந்திருக்கும். குழந்தையின் தலை சிறுநீர்ப்பையை அழுத்தும். அதிகம் பேசப்படாத இன்னொன்றும் உண்டு: பகலெல்லாம் நின்றும் காலைத் தொங்கப்போட்டு உட்கார்ந்தும் இருப்பதால் பாதத்தில் நீர் தங்குகிறது. படுத்ததும் அந்த நீர் இரத்தத்துக்குத் திரும்புகிறது, சிறுநீரகம் அதை வெளியேற்றுகிறது. ராத்திரி திரும்பத் திரும்ப எழுந்து போவது தண்ணீர் அதிகம் குடித்ததால் மட்டுமல்ல.

நடை உதவத் தொடங்கும் இடம் இதுதான். ஒவ்வொரு அடிக்கும் கெண்டைக்கால் தசை சுருங்கி, அடிபம்பு தண்ணீரை ஏற்றுவதுபோல, சிரைகளில் தேங்கிய இரத்தத்தை மேலே தள்ளுகிறது. கால் நீரில் ஒரு பங்கு பகலிலேயே திரும்பிவிடும். மூளையிலும் வேலை நடக்கிறது. விழித்திருக்கும் நேரமெல்லாம் அங்கே அடினோசின் என்ற வேதிப்பொருள் சேர்கிறது. உடல் உழைத்தால் இன்னும் கூடுகிறது. அது சேரச் சேரத் தூக்கம் அழுத்தும். பிரசவத்தை நினைத்து மனம் அலைவதும் உடற்பயிற்சியால் ஓரளவு தணிகிறது.

ஆய்வுகள் காட்டும் பலன் மிதமானதுதான். தூங்கும் மணிக்கணக்கு பெரிதாகக் கூடுவதில்லை. தூங்கியது தூங்கியதுபோல இருந்தது என்று சொல்லும் பெண்கள்தான் கூடுகிறார்கள். தூக்கத்தின் தரத்தை அளக்கப் பெரும்பாலும் பயன்படுவது 1989இல் வெளிவந்த பிட்ஸ்பர்க் கேள்வித்தாள். அது அவரவர் சொல்லைத்தான் நம்புகிறது. இரவெல்லாம் புரண்டவருக்குத் தெரியாதா, தன் தூக்கம் எப்படி இருந்ததென்று?

எவ்வளவு நடக்கலாம்? சிக்கல் இல்லாத கர்ப்பத்தில் வாரத்துக்கு 150 நிமிடம் மிதமான உடலியக்கம் வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனத்தின் 2020ஆம் ஆண்டு வழிகாட்டுதல். மூச்சு வாங்கினாலும் பேச முடிய வேண்டும், அதுதான் அளவு. நாடித்துடிப்பு 140ஐத் தாண்டக் கூடாது என்று அமெரிக்க மகப்பேறு மருத்துவர்கள் 1985இல் வைத்த வரம்பை 1994இல் அவர்களே எடுத்துவிட்டார்கள். ஆனால் நஞ்சுக்கொடி கருப்பை வாய்ப் பக்கம் கீழே அமைந்தவர்கள், இரத்தக்கசிவோ கடும் இரத்த அழுத்தமோ உள்ளவர்கள், குறைப்பிரசவ அபாயம் உள்ளவர்கள் மருத்துவரைக் கேட்காமல் தொடங்கவே கூடாது.

வேலைக் களைப்பை உடற்பயிற்சி என்று எண்ணிவிடக் கூடாது. நாள் முழுக்கக் குனிந்து களையெடுத்தவருக்கும், துணிக்கடையில் நின்றே காலம் கழித்தவருக்கும் இடுப்பு வலியும் கால் வீக்கமும்தான் மிச்சம். "பிள்ளைத்தாச்சி நல்லா நடக்கணும்" என்று அவரிடம் சொல்வது கொடுமை. கடை ஊழியர்களுக்கு இருக்கை தர வேண்டும் என்று தமிழ்நாட்டில் 2021இல் சட்டத் திருத்தமே வந்தது. அவருக்கு முதலில் தேவை ஒரு நாற்காலி, பிறகு காலை உயர்த்திப் படுக்க அரை மணி நேரம்.

கால் குடைச்சலையும் தனியாகப் பார்க்க வேண்டும். படுத்ததும் காலை ஆட்டிக்கொண்டே இருக்கத் தோன்றும்; எழுந்து நடந்தால் அடங்கும், படுத்தால் மறுபடி வரும். பல சமயம் இதன் பின்னால் இருப்பது இரும்புச்சத்துக் குறைவு. இந்தியக் கர்ப்பிணிகளில் பாதிப் பேருக்கு மேல் இரத்தசோகை இருக்கும்போது இதை லேசாக விடக் கூடாது. ஹீமோகுளோபின் 11 கிராமுக்குக் கீழே போகவில்லை என்றாலும் உடலின் இரும்புச் சேமிப்பு தீர்ந்திருக்கலாம். அதைக் காட்டுவது ஃபெரிட்டின் பரிசோதனை. அடுத்த முறை செக்கப்புக்குப் போகும்போது கேட்டு வாங்குங்கள். இரும்பு மாத்திரையை டீ, காபியோடு சேர்த்து விழுங்காதீர்கள்.