டென்ட்டுக்கு அடியில் பேனர் விரிக்கிறவர்களுக்கு

இந்த ஐப்பசியில் இது நான்காவது தடவை. கொடைக்கானல் மேல்மலையில், மன்னவனூர்ப் பக்கம் ஒரு தோட்டத்தில் கேம்ப், இரவு ஒன்றரை மணி, நல்ல மழை. ஒரு தம்பி வந்து என் டென்ட்டைத் தட்டுகிறார். கையில் தண்ணீர் சொட்டும் ஸ்லீப்பிங் பேக். "அண்ணே, டென்ட் ஒழுகுது. அடியில ஷீட் எல்லாம் பக்காவா போட்டோமே!"

டார்ச் அடித்துப் பார்த்தேன். மேலே ஒரு சொட்டு ஒழுகவில்லை. டென்ட்டுக்கு அடியில், யாரோ ஒரு குழந்தையின் காதணி விழா ஃப்ளெக்ஸ் பேனர், நாலு பக்கமும் முக்கால் அடி வெளியே நீட்டிக்கொண்டு கிடந்தது. அதன்மேல் குளம் கட்டியிருந்தது தண்ணீர்.

பத்து வருடமாக டென்ட் வாடகைக்கு விடுகிறேன், கிழிந்ததைத் தைக்கிறேன், ஆட்களை மலைக்குக் கூட்டிப்போகிறேன். கிரவுண்ட் ஷீட் எதற்கு என்று கேட்டால் கிட்டத்தட்ட எல்லோரும் ஒரே பதில்தான் சொல்கிறார்கள்: "தண்ணி உள்ள வராம இருக்க." இல்லை சார். அது உங்களுக்காக இல்லை, டென்ட்டின் அடித்துணிக்காக. கல், முள், வெட்டிப்போட்ட வாட்டில் மரத்தின் குச்சி முனை, இவை துணியைக் குத்தாமல் இருக்க. காலையில் சேறு ஷீட்டோடு போக. அவ்வளவுதான் அதன் வேலை.

தண்ணீருக்கு என்று நினைத்துக்கொள்வதால்தான் "பெருசா இருந்தா நல்லதுதானே" என்ற எண்ணம் வருகிறது. கணக்குப் போட்டுப் பாருங்கள். இரண்டு பேர் படுக்கும் டென்ட்டின் மேல்துணி சுமார் 3 சதுர மீட்டரை மூடும். 10 மில்லிமீட்டர் மழை பெய்தால் அதன்மேல் விழுவது 30 லிட்டர். இரண்டு குடம்! ஐப்பசி, கார்த்திகையில் கொடைக்கானல் மேல்மலைக்கு இது ஒரு பெரிய மழையே இல்லை. அந்த இரண்டு குடமும் ஓரத்தில் வழிந்து மண்ணில் விழுந்தால் மண் குடித்துவிடும். பேனரின் நீட்டலில் விழுந்தால் பேனரா குடிக்கும்? மடை திறந்துவிட்ட மாதிரி டென்ட்டுக்கு அடியில் ஓடும். கீழே பேனர், மேலே அடித்துணி, நடுவில் போக வழியில்லாத தண்ணீர், அதன்மேல் நீங்கள். நல்ல ஏற்பாடு.

"அடித்துணி 3000 மில்லிமீட்டர் தாங்கும்னு பையில போட்டிருக்கே" என்று அடுத்து கேட்பார்கள். 3 மீட்டர் உயரத்துக்குத் தண்ணீர் நின்றால் வரும் அழுத்தத்தைத் தாங்கும் என்று அர்த்தம், அதுவும் புதுத் துணிக்கு. 65 கிலோ ஆள் முழங்காலை ஊன்றி ஜிப்பைத் திறக்கும்போது அந்த இடத்தில் விழும் அழுத்தம் அதைவிடக் கூடுதல். கீழே தண்ணீர் தேங்கியிருந்தால் அங்கேதான் முதலில் கசியும்.

ஆகவே, தயவுசெய்து, ஷீட் டென்ட்டைவிடச் சின்னதாக இருக்கட்டும். ஒவ்வொரு பக்கமும் மூன்று விரற்கடை உள்ளே. டென்ட்டை நிறுத்தி முடித்ததும் ஒரு சுற்று சுற்றிப் பாருங்கள்; நின்று பார்த்தால் ஷீட் கண்ணிலேயே படக்கூடாது. வெட்ட மனம் வரவில்லையா, ஓரத்தை மடியுங்கள். மடிப்பு கீழே மண்ணைப் பார்த்து இருக்க வேண்டும். மேலே மடித்தால் அது வாய்க்கால்.

சரி, ஷீட் எல்லோருக்கும் வேண்டுமா? வேண்டாம். விலை குறைந்த பல டென்ட்களில் அடித்துணியே தார்ப்பாய் மாதிரி கனமாகத்தான் இருக்கும். புல்தரையிலும் பைன் சருகு மேலும் அதற்கு ஒன்றும் ஆகாது. கற்களைப் பொறுக்கிவிட்டு, உள்ளங்கையால் தரையைத் தடவிப் பார்த்துவிட்டுப் போட்டால் போதும். 15, 20 டெனியர் என்று போட்டிருக்கிற மெல்லிய துணியில் வரும் எடை குறைந்த டென்ட் வைத்திருப்பவர்களுக்குத்தான் ஷீட் தேவை, அதுவும் சரளை, கட்டாந்தரையில். அந்தத் துணியில் ஊசிப் பொத்தல் விழுந்தால் கண்ணுக்குத் தெரியாது. வெயிலில் தூக்கிப் பிடித்து ஒவ்வொன்றாகத் தேடுவது என் வேலை, என் கண்ணுக்கும் வயதாகிறது.

எடையையும் பாருங்கள். ஃப்ளெக்ஸ் பேனர் சதுர மீட்டருக்கு 300 கிராம் என்று வைத்தாலே கிட்டத்தட்ட ஒரு கிலோ. அதே அளவுக்கு, வெளிநாட்டில் வீட்டுச் சுவருக்குள் சுற்றுகிற டைவெக் என்ற ஷீட் 200 கிராம்கூட வராது. டூத் பிரஷ்ஷின் காம்பை உடைத்து எடை குறைக்கும் தம்பிகள் பேனரைச் சுருட்டித் தூக்கிவருவதைப் பார்த்தால் எனக்குச் சிரிப்பதா அழுவதா என்று தெரிவதில்லை.

உண்மையிலேயே தண்ணீருக்குப் பயமா? அப்படியென்றால் ஷீட்டை டென்ட்டுக்கு உள்ளே விரியுங்கள். ஓரத்தைக் கொஞ்சம் சுவரோடு ஏற்றிவிடுங்கள். அடித்துணி கசிந்தாலும் நீங்கள் நனைய மாட்டீர்கள். ஆனால் கல் குத்தாமல் அது காக்காது. இரண்டில் எது வேண்டும் என்று நீங்கள்தான் முடிவு செய்ய வேண்டும்.

அதற்கும் முன்னால் இடத்தைப் பாருங்கள். சமமாக, மெத்தென்று, அழகாக இருக்கிற இடம் பெரும்பாலும் தண்ணீர் வந்து தேங்கும் பள்ளம். ஒரு சாண் மேடான இடம் எந்த ஷீட்டைவிடவும் மேல். டென்ட்டைச் சுற்றி வாய்க்கால் வெட்டாதீர்கள். புல்வெளியைக் கிழித்தால் அடுத்த மழையில் அந்தக் கோடு அரித்துக்கொண்டே போகும். இடம் கொடுத்த தோட்டக்காரர் என்னைத்தான் கேட்பார்.

இன்னொன்று. விடியற்காலையில் உள்சுவர் நனைந்திருந்தால் அது ஒழுகல் இல்லை, நீங்கள் விட்ட மூச்சு. குளிர் தாங்காமல் எல்லா ஜிப்பையும் மூடிக்கொண்டால் அப்படித்தான் ஆகும். மேலே உள்ள காற்றுத் திறப்பை மட்டுமாவது திறந்து வையுங்கள். குளிருக்கும் ஷீட் உதவாது, படுக்கும்போது உடம்புக்கு அடியில் போடும் மேட்தான் உதவும்.

வீட்டுக்குப் போனதும் ஷீட்டையும் டென்ட்டையும் தனித்தனியாகக் காயவையுங்கள். ஈரத்தோடு சுருட்டி அலமாரியில் வைத்தால் துணியில் உள்ள பூச்சு பிசுபிசுத்து உரிந்து, வாந்தி நாற்றம் அடிக்கும். அந்த நிலையில் கொண்டுவந்து "ஏதாவது பண்ண முடியுமாண்ணே" என்று கேட்காதீர்கள். முடியாது.