ரேடியேட்டருக்குள் ரோஸ்மில்க்

கிருஷ்ணகிரியில் ஒரு பழைய பெரிய செடான் விலைக்கு வந்திருக்கிறது என்று கேள்விப்பட்டதிலிருந்து என் மைத்துனருக்குத் தூக்கமில்லை. கேம்ரி, அக்கார்ட், சூப்பர்ப், பசாட் எல்லாம் புதிதாக 20 லட்சத்தைத் தாண்டி விற்ற வண்டிகள். 12, 13 வருடம் ஓடிய பிறகு, ஒரு புதுச் சின்ன காரை விடவும் மலிவாகக் கிடைக்கின்றன. பெங்களூரு பக்கத்திலேயே இருப்பதால் கேஏ நம்பர் (கர்நாடகப் பதிவு) வண்டிகள் ஓசூர் வழியாக இங்கே நிறைய வருகின்றன. ஆனால் இறங்கியிருப்பது வண்டியின் விலை மட்டும்தான். உதிரி பாகங்கள் இன்னும் அந்த 20 லட்ச ரூபாய்க் காரின் விலையில்தான் இருக்கின்றன.

நாங்கள் போய்ச் சேர்ந்தபோது எஞ்சின் ஓடிக்கொண்டிருந்தது. “வெயில்ல வர்றீங்களேன்னு ஏசி போட்டு வச்சேன் சார்” என்றார் விற்பவர். உபசரிப்பு நல்லதுதான். ஆனால் பானெட் சுட்டது. “மாப்ள, டீ குடிச்சிட்டுக் கிளம்பலாம். நாளைக்குக் காலையில வருவோம்” என்றேன். மைத்துனருக்கு என்மேல் கோபம்.

காரணம் இருக்கிறது. இரவு முழுக்க நிற்கும் எஞ்சினில் ஆயில் வடிந்து கீழே போய்விடும். வால்வுகளின் தண்டைச் சுற்றியிருக்கும் ரப்பர் சீல் வயதாகி இறுகியிருந்தால், அந்த இடுக்கு வழியே கொஞ்சம் ஆயில் எரியறைக்குள் கசிந்து தேங்கும். காலையில் சாவியைத் திருப்பியதும் அது எரிந்து, சில விநாடிகள் நீலப் புகை வரும். அப்புறம் நின்றுவிடும். சூடான எஞ்சினில் இந்தச் சாட்சி ஏற்கெனவே எரிந்து போயிருக்கும். எஞ்சினுக்குள் ஓடும் செயின், அதை இறுக்கிப் பிடிக்கும் டென்ஷனர் தேய்ந்த சத்தமும் அப்படித்தான், ஆயில் அழுத்தம் ஏறும் வரைக்கும்தான் கேட்கும். கறுப்புப் புகை என்றால் பெட்ரோல் முழுதாக எரியவில்லை என்று அர்த்தம். காலைக் குளிரில் வரும் வெள்ளை ஆவியைப் பார்த்துப் பயப்பட வேண்டாம். எஞ்சின் சூடான பிறகும் அது நிற்காமல், லேசான இனிப்பு வாசனையோடு வந்தால், எஞ்சினைக் குளிர்விக்கும் திரவமான கூலன்ட் எரிகிறது.

இனி வெப்பத்தின் கதை. பழைய காரில் நான் முக்கியமாகப் பார்ப்பது இதைத்தான், லெதர் சீட்டை அல்ல. பெட்ரோலை எரித்துக் கிடைக்கும் ஆற்றலில் தோராயமாக மூன்றில் ஒரு பங்கை கூலன்ட் சுமந்துகொண்டு போய் ரேடியேட்டரில் இறக்கி வைக்க வேண்டும். ரேடியேட்டர் மூடி வெறும் மூடி இல்லை, பிரஷர் குக்கரின் வெயிட்டுக்கு அண்ணன். உள்ளே காற்றழுத்தத்துக்கு மேல் சுமார் 1 பார் அழுத்தத்தை அது தேக்கி வைக்கிறது. அந்த அழுத்தத்தில் தண்ணீரே ஏறக்குறைய 120 டிகிரியில்தான் கொதிக்கும். மூடியின் ரப்பர் தளர்ந்துவிட்டால் கொதிநிலை இறங்கிவிடும். குக்கரில் கேஸ்கட் போனால் பருப்பு வேகாதது போல, இங்கே எஞ்சின் குளிராது. (சூடாக இருக்கும்போது அந்த மூடியைத் திறக்காதீர்கள். குக்கரை விசிலோடு திறப்பதற்குச் சமம்.)

தருமபுரி, கிருஷ்ணகிரி என நம் மாவட்டங்களில் இதற்கு ஒரு தனிச் சிக்கல் உண்டு. ஃபுளோரைடு கலந்த நிலத்தடி நீரிலிருந்து தப்பிக்கத்தான் ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டமே வந்தது. போர் தண்ணீரில் பல்லைக் கறையாக்கும் அந்த ஃபுளோரைடோடு கால்சியமும் கரைந்திருக்கிறது. சூடேறும்போது கால்சியம் பைகார்பனேட் சிதைந்து, கரையாத கால்சியம் கார்பனேட்டாகப் படிகிறது. கீசர் காயிலில் வெள்ளையாகப் பொருக்குத் தட்டுகிறதே, அதுதான். ரேடியேட்டரின் மெல்லிய குழாய்களுக்குள்ளும் அதே சமாச்சாரம் நடக்கிறது. அலுமினியத்தோடு ஒப்பிட்டால் இந்தச் சுண்ணாம்புப் படிவம் வெப்பத்தைக் கடத்துவதில் படு மந்தம். அளவுக்கு மீறிச் சூடேறினால் எஞ்சினின் மேல்பகுதியான அலுமினிய ஹெட் விரிந்து வளைந்துவிடும், அதற்கு அடியில் கசியாமல் அடைக்கும் ஹெட் கேஸ்கட் ஊதிவிடும், ஆயிலும் தண்ணீரும் கலந்துவிடும். ஆயில் மூடியின் அடியில் பால் காபி நிறத்தில் கொழகொழப்பு இருந்தால் சந்தேகப்படுங்கள். பக்கத்துத் தெருவுக்கு மட்டுமே ஓடும் வண்டியில் ஈரம் கோத்தும் இப்படி வரும் என்பதால், ஆயில் டிப்ஸ்டிக்கிலும் அதே நிறம் இருக்கிறதா என்று பார்த்துவிட்டு முடிவு செய்யுங்கள்.

ஆட்டோமேட்டிக் வண்டி என்றால் இன்னொன்றும் உண்டு. பல கார்களில் கியர் பாக்ஸ் ஆயிலைக் குளிர்விக்கும் குழாயை ரேடியேட்டரின் தொட்டிக்குள்ளேயே வைத்திருப்பார்கள். அந்தக் குழாய் அரித்து ஓட்டையானால் சிவப்பு கியர் ஆயிலும் கூலன்ட்டும் ஒன்றுக்குள் ஒன்று கலந்து ரோஸ்மில்க் ஆகிவிடும். கூலன்ட்டே சிவப்பாக, ரோஸ் நிறத்தில் வருவது சகஜம்தான். அது கண்ணாடி மாதிரித் தெளிவாக இருக்க வேண்டும். பால் ஊற்றியது போலக் கலங்கியிருந்தால் எவ்வளவு மலிவாகக் கொடுத்தாலும் வேண்டாம். கியர் பாக்ஸுக்குள் இருக்கும் கிளட்ச் தட்டுகளின் உராய்வுப் பூச்சுக்குத் தண்ணீர் விஷம். எஞ்சின் ஓடும்போது பிரேக்கை மிதித்தபடி ‘பார்க்’கிலிருந்து ‘டிரைவ்’ போட்டுப் பாருங்கள். தாமதித்து, தொம் என்று விழுந்தால் அந்த கியர் பாக்ஸ் பெரிய செலவு வைக்கும்.

டாஷ்போர்டில் இருக்கும் வெப்ப ஊசியை நான் முழுதாக நம்புவதில்லை. பல கார்களில் கணிசமான ஏற்ற இறக்கத்தைக் காட்டாமல் ஊசி நடுவிலேயே நிற்கும்படி அமைத்திருக்கிறார்கள், ஓட்டுபவர் பதறக்கூடாது என்று. ஸ்டீயரிங்குக்கு அடியில் இருக்கும் ஓபிடி சாக்கெட்டில் செருகும் சின்ன ப்ளூடூத் ஸ்கேனர் இருந்தால், நிஜமான கூலன்ட் வெப்பத்தை செல்போனிலேயே பார்க்கலாம். அதே ஸ்கேனர் இன்னொரு குட்டையும் உடைக்கும். விற்பதற்கு முதல் நாள் செக் எஞ்சின் விளக்கை அழித்திருந்தால், காரின் கம்ப்யூட்டர் செய்யும் சுயபரிசோதனைகள் பல ‘இன்னும் முடியவில்லை’ என்று காட்டும். பேட்டரியைக் கழற்றி மாட்டினாலும் அப்படிக் காட்டும் என்பது வேறு விஷயம். எப்படியானாலும் கேள்வி கேட்க ஒரு காரணம் கிடைக்கிறது.

ஓட்டிப் பார்க்க ஏற்றம் வேண்டும், ஏசியும் ஓட வேண்டும். தருமபுரிக்காரர்களுக்கு வத்தல்மலை அடிவாரத்தில் நாலு வளைவு போதும். தொப்பூர் கணவாய் பக்கம் போக வேண்டாம். முன்பின் தெரியாத பிரேக்கை, நியூட்ரலில் உருண்டு வரும் லாரிகளுக்கு நடுவே சோதிப்பது மடத்தனம். ஒரு கணக்கு சொல்கிறேன். 1,500 கிலோ வண்டி 100 மீட்டர் உயரம் இறங்கினால் வெளிப்படும் ஆற்றல் சுமார் 15 லட்சம் ஜூல். 30 டிகிரியில் இருக்கும் 5 லிட்டர் தண்ணீரைக் கொதிக்க வைக்க அது போதும். இதில் எஞ்சினும் காற்றும் ஒரு பங்கை வாங்கிக்கொள்ள, மிச்சம் முழுக்க பிரேக் டிஸ்க்கின் தலையில்தான் விழுகிறது. பிரேக் ஆயில் காற்றிலிருந்து ஈரத்தை உறிஞ்சக்கூடியது. டாட் 4 வகை புதிதாக இருக்கையில் குறைந்தது 230 டிகிரி வரை கொதிக்காமல் தாங்க வேண்டும். ஈரம் ஏறியபின் அந்த வரம்பு 155 டிகிரி. கொதித்து ஆவியானால் பெடல் பஞ்சு மாதிரி உள்ளே போகும், வண்டி நிற்காது. டப்பாவுக்குள் ஆயில் டிகாஷன் நிறத்தில் இருந்தால் மாற்றி வெகுநாளாகிவிட்டது.

மற்றதைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். சீட் பெல்ட்டை முழுக்க இழுத்து அடிப்பகுதியில் சேற்றுக் கோடு தெரிகிறதா, டிக்கியில் ஸ்டெப்னிக்கு அடியில் துரு இருக்கிறதா பாருங்கள். 2015இல் சென்னையிலும் 2022இல் பெங்களூருவிலும் வெள்ளத்தில் மூழ்கிய கார்கள் எல்லாமே இரும்புக் கடைக்குப் போய்விடவில்லை. பட்டி பார்த்த இரும்புக் கதவில் காந்தம் சரியாக ஒட்டாது. டயரின் பக்கவாட்டில் 2319 என்றிருந்தால் 2019ஆம் ஆண்டின் 23ஆவது வாரத்தில் செய்தது. ஆர்சி (பதிவுச் சான்று) 15 வருடத்துக்குத்தான், பிறகு எஃப்சி (தகுதிச் சான்று) காட்டி 5 வருடத்துக்கு ஒருமுறை புதுப்பிக்க வேண்டும். கேஏ வண்டியானால் என்ஓசி (தடையில்லாச் சான்று), தமிழ்நாட்டு வரி, நம்பர் மாற்றும் செலவு எல்லாவற்றையும் கணக்கில் வைத்தே பேரம் பேசுங்கள்.

மறுநாள் காலை ஆறரைக்கு மறுபடி போனோம். பானெட் ஜில்லென்று இருந்தது. ஸ்டார்ட் செய்ததும் புகை இல்லை, சத்தம் இல்லை. மைத்துனர் என்னைப் பார்த்துச் சிரித்தார். கூலன்ட் டப்பாவை எட்டிப் பார்த்தேன். நிறமே இல்லாத தண்ணீர், ஓரமெல்லாம் வெள்ளைப் பொருக்கு.

“என்ன ஊத்துறீங்க?”

“நம்ம போர் தண்ணிதான் சார். சுத்தமான தண்ணி.”

இப்போது பாலக்கோட்டில் வேறொரு வண்டி பார்த்து வைத்திருக்கிறார். நேற்று போனில் அந்த ஓனரிடம் மைத்துனரே சொல்லிக்கொண்டிருந்தார்: “காலையில ஆறு மணிக்கு வர்றோம். அதுக்கு முன்னாடி ஸ்டார்ட் பண்ணிடாதீங்க.”