கட்டைவிரல் நிமிர்கிறதா?

சில வருடங்களுக்கு முன் சென்னையிலிருந்து தஞ்சாவூருக்கு இரவு பஸ்ஸில் வந்தேன். பக்கத்து சீட் காலி. அதன் முதுகுக் கம்பிமேல் வலக்கையைப் போட்டபடி தூங்கிவிட்டேன். விடிகாலையில் இறங்கினால், மணிக்கட்டிலிருந்து கை துவண்டு தொங்குகிறது. வலி இல்லை, வீக்கம் இல்லை, நிறமும் மாறவில்லை. நாடி ஒழுங்காக ஓடியது. டீ கிளாஸைத்தான் பிடிக்க முடியவில்லை. கை தேற ஆறு வாரம் ஆயிற்று.

கயிற்றுக்கட்டு பழகுபவர்கள் முதலில் கேட்க வேண்டிய கதை இதுதான் என்று பின்னால் புரிந்தது. வயது வந்த இருவர் மனமொப்பி, ஒருவரை மற்றவர் கயிற்றால் கட்டும் அந்தரங்கப் பழக்கத்தைச் சொல்கிறேன். ஜப்பானில் இதை ஷிபாரி, கின்பாக்கு என்பார்கள். எடோ காலத்தில் கைதிகளைக் கட்டிய ஹொஜோஜுட்ஸு என்ற கலையின் சாயல் இதில் உண்டு. புதிதாகப் பழகுபவர்கள் எல்லோரும் ரத்த ஓட்டம் நின்றுவிடுமோ என்றுதான் பயப்படுகிறார்கள். ரத்தமாவது கூச்சல் போடும்: கை நீலமாகும், குளிரும், விண்விண்ணென்று தெறிக்கும். நரம்பு பல சமயம் சத்தமே போடாது.

என் கையில் நசுங்கியது ரேடியல் நரம்பு. தோளிலிருந்து இறங்கி, மேற்கை எலும்பின் பின்பக்கத்தைச் சுற்றிக்கொண்டு வெளிப்பக்கமாக வருகிறது. முழங்கைக்குச் சற்று மேலே அதற்கும் எலும்புக்கும் நடுவில் மெத்தை என்று எதுவும் இல்லை. மார்போடு கைகளைச் சேர்த்துக் கட்டும்போது கயிறு போய் உட்காருவதும் அங்கேதான். முழங்கையின் உட்புறத்தில் அல்நர் நரம்பு. இடித்துக்கொண்டால் சுண்டுவிரல்வரை ஷாக் அடிக்குமே, அது. முழங்காலுக்குக் கீழே வெளிப்பக்கம் பெரோனியல் நரம்பு. நாள் முழுக்கக் குந்தி வேலை செய்பவர்களுக்குச் சில சமயம் பாதம் தொங்கிவிடுவது இது நசுங்குவதால்தான்.

கயிறு எவ்வளவு அழுத்துகிறது என்பதைப் பள்ளிக்கூடக் கணக்காகவே போட்டுவிடலாம். இழுவிசையை, சுற்றிய இடத்தின் ஆரத்தாலும் கயிற்றின் அகலத்தாலும் வகுத்தால் அழுத்தம் வந்துவிடும். மணிக்கட்டின் ஆரம் 3 செ.மீ., கயிறு 6 மி.மீ., இழுப்பு 2 கிலோ என்று வையுங்கள். விடை ஏறக்குறைய 800 மி.மீ. பாதரசம். டாக்டர் பிரஷர் பார்க்கும்போது சொல்கிற 120-உம் இதே அலகுதான். நாலு சுற்றாகப் பரப்பினால் 200. முயல்களின் நரம்பில் அளந்து பார்த்தபோது, 20 மி.மீ. அழுத்தத்திலேயே நரம்புக்குள் ரத்தம் மந்தமாகத் தொடங்கியது. 80-இல் நின்றே போனது.

ஆகவே ஒற்றைச் சுற்று கூடாது. மூன்று நாலு சுற்று, ஒன்றன்மேல் ஒன்று ஏறாமல் தட்டையாக. அதன் அடியில் இரண்டு விரல் தாராளமாக நுழைய வேண்டும். அந்தக் கயிற்றில் உடல் பளுவும் தொங்கக் கூடாது. சுற்றுகள் பளுவைச் சமமாகப் பங்கு போட்டுக்கொள்ளும் என்றும் நம்ப வேண்டாம். உராய்வு எண் 0.3 என்றால், ஒரு முழுச் சுற்றுக்கே இழுவிசை ஆறரை மடங்கு மாறிவிடும். மாட்டுக் கயிற்றைக் கம்பத்தில் இரண்டு சுற்று சுற்றிவிட்டு ஒரு கையால் பிடித்துக்கொள்கிறோமே, அதே கணக்கு. இழுபடும் பக்கத்துச் சுற்றுதான் பாவம், எல்லாவற்றையும் தாங்கும். அந்தரத்தில் தொங்கவிடும் வித்தைகளெல்லாம் பல வருடம் கற்றவர்களுக்கே ஆபத்தானவை.

முடிச்சில் சுருக்கு வேண்டவே வேண்டாம். இழுக்க இழுக்க இறுகும். எல்லாச் சுற்றையும் சேர்த்துக் கவ்வி, இழுத்தாலும் வளையம் சிறுக்காத முடிச்சே தேவை. கழுத்துக்குப் பத்திரமான கட்டு என்று ஒன்று கிடையாது.

கயிறு? பட்டுக்கோட்டை, பேராவூரணி பக்கம் தேங்காய்நார்க் கயிற்றுக்குப் பஞ்சமில்லை. ஆனால் தோலைச் சிராய்த்துவிடும். நைலான் வழுக்கும், வேகமாக இழுத்தால் சூட்டுக்காயம். பருத்தியும் மெல்லிய சணலும் தேவலை. கும்பகோணத்துக் கடையில் பருத்திக் கயிறு கேட்டபோது, "மாட்டுக்கா தம்பி, ஊஞ்சலுக்கா?" என்றார் கடைக்காரர். "ஊஞ்சலுக்குத்தான் அண்ணே." வேறென்ன சொல்ல?

டெல்டாவில் இருப்பவர்களுக்கு இன்னொரு சேதி. முறுக்கிய இயற்கை நார் ஈரம் குடித்தால் பருக்கும், நீளம் குறையும், முடிச்சு இறுகும். ஐப்பசி மழையில் நனைந்த மாட்டுத் தும்பை அவிழ்க்கத் தாத்தா பல்லால் கடிப்பார். சித்திரை வெயிலில் கரண்ட் போன அறையில் வழிகிற வியர்வையும் ஈரம்தான். மயக்கமும் வரலாம். டார்ச்சும் தண்ணீரும் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கட்டும். அப்புறம் ஒரு கத்தரிக்கோல்: மெடிக்கல் ஷாப்பில் கிடைக்கும், முனை மழுங்கிய, பேண்டேஜ் வெட்டுகிற வகை. அடுப்படிக் கத்தி வேண்டாம். அவசரத்தில் கயிறோடு தோலும் வரும்.

சோதனை எளிது. சில நிமிடத்துக்கு ஒருமுறை கட்டைவிரலை நிமிர்த்தச் சொல்லுங்கள், விரல்களை விரிக்கச் சொல்லுங்கள், மணிக்கட்டைப் பின்னால் மடக்கச் சொல்லுங்கள். ஒன்று தளர்ந்தாலும் உடனே அவிழ்க்க வேண்டும். மரத்துப்போனாலும் அப்படியே, "இன்னும் அஞ்சு நிமிஷம்" என்ற பேச்சே கிடையாது. சர்க்கரை நோயில் நரம்பு ஏற்கெனவே மங்கியிருந்தால் இந்த எச்சரிக்கையும் வராது என்பதால், அதை முதலிலேயே சொல்லிவிட வேண்டும். அவிழ்த்த பிறகும் கை தொங்கினால் டாக்டரிடம் மறைக்காமல் போங்கள். 1943-இல் ஹெர்பர்ட் செடன் என்ற பிரிட்டிஷ் டாக்டர் நரம்புக் காயத்தை மூன்றாகப் பிரித்தார். என்னுடையது லேசான முதல் வகை: உறை மட்டும் கெட்டு, வாரங்களில் தேறிவிடும். உள்ளிழை அறுந்திருந்தால் ஒரு நாளைக்கு ஏறக்குறைய 1 மி.மீ.தான் வளரும். மேற்கையிலிருந்து முன்கைத் தசைவரை 12 செ.மீ. என்றால் நாலு மாதம்.

சம்மதமும் இதே மாதிரி, அடிக்கடி பார்த்துக்கொண்டே இருக்க வேண்டிய விஷயம். எதுவரை, எது கூடாது என்பதைக் கயிறு எடுப்பதற்கு முன்பே பேசுங்கள், குடித்துவிட்டு வேண்டாம். நிறுத்த ஒரு சொல், வாய் திறக்க முடியாவிட்டால் கையிலிருந்து நழுவவிட ஒரு சாவிக்கொத்து. கட்டப்பட்டவரைத் தனியே விட்டு வாசல்வரை போவதுகூடத் தப்பு.

இதையெல்லாம் கூட இருந்து கற்றுத்தர ஆள் வேண்டுமே? கும்பகோணத்தில் காபி கடையில் உட்கார்ந்தால் நாலு சொந்தக்காரர் பார்ப்பார்கள். அதனால் பெரும்பாலோர் பெருநகரங்களில் ஆள் தேடுகிறார்கள். இந்த ஆர்வம் உள்ளவர்கள் பொது இடத்தில் சாதாரண உடையில் சந்திப்பதை மஞ்ச் என்பார்கள். அங்கே கயிறே வெளியே வராது, பேச்சுதான். முழுப்பெயர், வேலை பார்க்கும் இடம், போட்டோ எதுவும் தர வேண்டியதில்லை. கேட்டு வற்புறுத்துபவரிடமிருந்து விலகிவிடலாம். முதல் நாளே தனி அறைக்குக் கூப்பிடுபவரும் அப்படியே. நான் போன முதல் சந்திப்பில், வெகுநாளாகக் கட்டிப் பழகிய ஒரு அக்காவிடம், "இதுவரை என்னென்ன தப்பு நடந்திருக்கு அக்கா?" என்று கேட்டேன். அரை மணி நேரம் சொன்னார். அவரிடமே கற்றுக்கொண்டேன்.