46 பிள்ளைகள், 8 பேர் ஏறும் ஜீப்: மீதி 6 என்ன ஆகும்?

கோத்தகிரியிலிருந்து தொட்டபெட்டாவுக்கு 46 பிள்ளைகளைக் கூட்டிப்போக வேண்டும். ஒரு ஜீப்பில் 8 பேர் ஏறலாம். எத்தனை ஜீப் வேண்டும்? நான்காம், ஐந்தாம் வகுப்பில் இந்தக் கணக்கைக் கொடுத்தால், 'ஈவு 5, மீதி 6' என்று எழுதிக் கோடு போட்டுவிடும் பிள்ளைகள் நிறைய. வகுத்தது சரிதான். ஆனால் ஆறு பேர் இன்னும் பேருந்து நிறுத்தத்திலேயே நிற்கிறார்கள். வேண்டியது 6 ஜீப்.

எண்களைத் தொடாமல் கேள்வியை மட்டும் மாற்றிப் பாருங்கள். 46 வர்க்கி, பொட்டலத்துக்கு 8 என்றால் முழுப் பொட்டலம் எத்தனை? 5. கட்டியதுபோகத் தின்னக் கிடைப்பது? 6. சரி, 46 கிலோ உருளைக்கிழங்கை 8 வீட்டுக்குச் சமமாகப் பிரித்தால்? மீந்த 6 கிலோவை 6,000 கிராமாக்கி மறுபடி 8-ஆல் வகுத்தால் 750. ஆக, வீட்டுக்கு 5 கிலோ 750 கிராம். 46÷8 ஒன்றுதான், விடைகள் நான்கு. கிழங்கைப் பிரிக்கலாம், ஜீப்பைப் பிரிக்க முடியாது. அதை முடிவு செய்வது கேள்வி. வெறும் எண்களாக நாற்பது கணக்கு போடவைப்பதைவிட, இந்த நான்கையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பேசவைப்பது மேல்.

ஜீப் கணக்கில் பிள்ளை தடுமாற இன்னொரு காரணமும் உண்டு. வகுத்தல் என்றாலே பங்கு போடுவது என்று மட்டும் பழகியிருக்கும். 23 காய்களை 5 தட்டில் ஒவ்வொன்றாகப் போட்டுவந்தால் தட்டுக்கு 4, மீதி 3. இது பங்கு போடுதல். அதே 23-ஐ ஐந்தைந்தாக அள்ளிக் குவித்தால் 4 குவியல், மீதி 3. இது கூறு கட்டுதல். ஜீப் கணக்கு இரண்டாவது வகை. இரண்டையும் கையால் செய்த பிறகே நோட்டுக்குப் போகலாம். இதற்கு நீலகிரியில் காசு கொடுத்து எதுவும் வாங்க வேண்டாம். கற்பூர மரத்தடியில் (யூகலிப்டஸ்) உதிர்ந்துகிடக்கும் காய்களே போதும்.

47÷6-க்கு 'ஈவு 6, மீதி 11' என்று ஒரு பிள்ளை எழுதியிருந்தால், வாய்ப்பாட்டில் ஒரு படி முன்னாலேயே நின்றுவிட்டது என்று பொருள். இங்கே ஒரு சிக்கல் இருக்கிறது. ஈவை வகுக்கும் எண்ணால் பெருக்கி மீதியைக் கூட்டிச் சரிபார் என்கிறோம். 6×6=36, அதோடு 11, மொத்தம் 47. சரிபார்ப்பில் தேறிவிடுகிறது! அதனால் அந்தச் சோதனை மட்டும் போதாது. 'மீதிக்குள் இன்னொரு 6 ஒளிந்திருக்கிறதா?' என்றும் கேட்க வேண்டும். மீதி எப்போதும் வகுக்கும் எண்ணைவிடச் சிறியது.

824÷8-க்கு 13 என்று எழுதுவது அடுத்த தவறு. நடுவிலுள்ள 2-ஐ 8-ஆல் வகுக்க முடியாததால், உடனே 4-ஐ இறக்கி 24 ஆக்கிவிடுகிறார்கள்; ஈவில் சுழி விழுவதில்லை. விளையாட்டு ரூபாய் நோட்டுகளை எடுத்துக் கொடுங்கள்: நூறு எட்டு, பத்து இரண்டு, ஒற்றை ரூபாய் நான்கு. எட்டுப் பேருக்கு ஆளுக்கொரு நூறு. இரண்டு பத்தை எட்டுப் பேருக்குக் கொடுக்க முடியாது, ஆகவே பத்தின் இடத்தில் 0. அவற்றைச் சில்லறை மாற்றினால் 24 ரூபாய், ஆளுக்கு 3. விடை 103. தொடங்கும் முன்பே '800-ஐ எட்டாகப் பிரித்தால் நூறு, விடை நூற்றுக்குக் குறையாது' என்று வாயால் சொல்லவைத்தால் 13 எழுதிய கையே தயங்கும்.

25÷4 = 6.1 என்பது பெரும்பாலும் புள்ளி வைத்த எண்களைப் பார்த்த பிறகு வருவது. மீதி 1 என்பது பத்தில் ஒன்று அல்ல, நான்கில் ஒன்று, விடை 6.25. 25÷4, 37÷6 இரண்டுக்குமே ஈவு 6, மீதி 1 தான். ஆனால் ஒன்றில் அந்த 1-ஐ நான்கு பேர் பிரிக்க வேண்டும், மற்றதில் ஆறு பேர். பங்கு ஒன்றாக இருக்காது.

வகுக்கும் எண் இரண்டு இலக்கமாகும்போது வருவதுதான் பெரியவர்களையும் ஏமாற்றும் தவறு. கையில் 170 ரூபாய், ஒரு கட்டு கேரட் 40 ரூபாய். 170÷40-இல் இரு பக்கமும் சுழியை வெட்டி 17÷4 ஆக்கினால் ஈவு 4, மீதி 1. ஈவு மாறவில்லை, ஆனால் கடைக்காரர் திருப்பித் தர வேண்டியது 1 ரூபாயா? 4×40=160, மீதி 10. சுழியை வெட்டிய பிறகு எண்ணுவது பத்துகளை, ஆகவே அந்த மீதி 'ஒரு பத்து'. வெட்டிய சுழியை மீதியில் திரும்பப் போட்டே ஆக வேண்டும்.