மரக்குடிசையா, உருட்டுமர வீடா?

கைக்கருவிகளை மட்டும் வைத்துக்கொண்டு காட்டில் வீடு கட்டும் காட்சிகளுக்கு இப்போது நம்மவர்களிடம் நல்ல வரவேற்பு இருக்கிறது. அமெரிக்கக் காட்டில் ஒருவர் மரம் சாய்க்கிறார், பட்டை உரிக்கிறார், முனைகளில் பள்ளம் வெட்டுகிறார், ஒன்றின் மேல் ஒன்றாக ஏற்றுகிறார். எவ்வளவு நேரம் பார்த்தாலும் கண்ணுக்கு அலுக்காது. காதுக்குத்தான் தொல்லை. தமிழில் பின்னணி பேசுகிறவர் மூச்சுக்கு மூச்சு ‘மரக்குடிசை’ என்கிறார். ஒரு படத்தில் ‘மரக்குடிசை வேய்கிறார்கள்’ என்றே சொல்லிவிட்டார். திரையிலோ நான்கு பேர் ஒரு முழு மரத்தைச் சுவர் மேல் உருட்டி ஏற்றிக்கொண்டிருக்கிறார்கள். கூரை என்ற பேச்சே அங்கு இன்னும் எழவில்லை. திரையின் அடியில் எழுத்தாக ஓடும் மொழிபெயர்ப்பு இன்னும் மோசம். அதில் ‘பதிவு அறை’ என்று வருகிறது. எனக்குச் சார்பதிவாளர் அலுவலகம்தான் கண்முன் வந்தது.

ஆங்கிலத்தில் லாக் கேபின் என்கிற பொருளுக்கு இவ்வளவு குளறுபடி. சொல் வரலாற்றை முதலில் முடித்துவிடுவோம். அதில் பெரிய சிக்கல் இல்லை. ‘லாக்’ என்றால் வெட்டிச் சாய்த்து, பலகையாக அறுக்காமல் விட்ட மரம். பழைய கப்பல்களில் வேகத்தை அளப்பதற்கு முடிச்சுகள் போட்ட நீண்ட கயிற்றில் ஒரு மரத்துண்டைக் கட்டிக் கடலில் வீசுவார்கள். அந்தத் துண்டின் பெயரும் லாக். அந்தக் கணக்கை எழுதிவைத்த ஏட்டுக்கும் அதே பெயர் ஒட்டிக்கொண்டது. ஏட்டிலிருந்து கணினிக்குப் போய் ‘பதிவு’ ஆயிற்று. இயந்திரம் கடைசிப் பொருளைக் கையில் பிடித்துக்கொண்டு முதல் பொருளை மறந்துவிட்டது. ‘கேபின்’ என்பது பிற்கால லத்தீனில் குடிலைக் குறித்த ‘கப்பான்னா’விலிருந்து பிரெஞ்சு வழியாக வந்தது. தமிழில் கேபின் என்றால் மேலாளர் உட்காரும் கண்ணாடி அறை. ஆகவே ஒலிபெயர்த்து ‘லாக் கேபின்’ என்றே விட்டுவிடுவதும் உதவாது.

இயந்திரத்தை மன்னித்துவிடலாம். மனிதர்கள் யோசித்து எழுதும் ‘மரக்குடிசை’தான் என் வழக்கு. அதை எழுதுகிறவர்கள் சொல்லும் நியாயம் இது: கேபின் என்றால் குடிசை, மரத்தால் ஆனது, எனவே மரக்குடிசை. பள்ளிப் பிள்ளைகளுக்கான லிங்கன் வரலாற்றிலும் அப்படித்தானே படித்தோம், குடிசையில் பிறந்து வெள்ளை மாளிகை போனவர் என்று?

தமிழில் குடிசை என்ற சொல்லின் உயிர் கூரையில் இருக்கிறது. ஓலையோ கீற்றோ புல்லோ வேய்ந்தால் அது குடிசை. சுவர் மண்ணாக இருக்கலாம், தட்டியாக இருக்கலாம், இல்லாமலும் போகலாம். பழைய இலக்கியத்தின் ‘குரம்பை’யும் இதே இனம்தான். பெரும்பாணாற்றுப்படை பாலை நிலத்து வீட்டைக் காட்டும்போது ஈந்தின் இலை வேய்ந்த கூரையைத்தான் காட்டுகிறது; அது முள்ளம்பன்றியின் முதுகு போல இருக்கிறதாம். சுவர் என்ன ஆயிற்று என்று புலவருக்குக் கவலையில்லை. நம் வினைச்சொற்களையும் பாருங்கள். குடிசையைப் ‘போடுகிறோம்’, கூரையை ‘வேய்கிறோம்’. பிரிப்பதற்கும் அதிக நேரம் ஆகாது.

லாக் கேபினோ முழுக்க முழுக்கச் சுவரின் கதை. தூண் கிடையாது, சட்டம் கிடையாது. படுக்கை வாட்டில் அடுக்கிய மரங்களே சுவர், அவையே கூரையின் பாரத்தையும் தாங்குகின்றன. நான்கு மூலைகளிலும் மரங்கள் ஒன்றையொன்று கவ்வி நிற்பதால் ஆணிக்கு வேலையே இல்லை. இரும்பு ஆணி விலை கூடிய பொருளாக இருந்த காலத்தில் இது சாதாரண வசதியா? அந்தக் கவ்வல்தான் முழு வித்தையும். எளிய வகையில், மேலே வரும் மரத்தின் அடிப்பக்கத்தை வளைவாகக் குடைந்து கீழ் மரத்தின் முதுகில் உட்காரவைப்பார்கள். பள்ளம் கீழ்நோக்கி இருப்பதால் மழைநீர் தங்காது. பள்ளத்தை மேல்நோக்கி வெட்டினால் தண்ணீர் தேங்கி, முதலில் மூலைகள்தான் உளுத்துப் போகும். தேர்ந்த கை என்றால் முனையைச் சரிவாகச் செதுக்கிப் புறாவின் வால் போல விரியவிடுவார்கள். மேலே பாரம் ஏற ஏற மூலை இறுகுமே தவிர விலகாது. சுவர் முழுவதும் எழும்பிய பிறகு கதவுக்கும் சன்னலுக்கும் இடம் அறுத்து எடுப்பார்கள். இப்படிப்பட்ட ஒன்றைக் குடிசை என்றால், படிக்கிற பிள்ளை தென்னங்கீற்றைத்தான் நினைத்துக்கொள்ளும். வேறு எதை நினைக்க முடியும்?

‘ஏழ்மையைச் சொல்லத்தான் குடிசை என்கிறோம், ஆங்கிலத்திலும் அந்தச் சாயல் உண்டே’ என்று ஒரு நண்பர் மடக்கினார். உண்டுதான். ஆனால் அந்தச் சாயல் எப்படி வந்தது என்று பார்த்தால் வேடிக்கையாக இருக்கும். 1840 குடியரசுத் தலைவர் தேர்தலில் வில்லியம் ஹென்றி ஹாரிசனை எதிரணிப் பத்திரிகை ஒன்று கிண்டல் செய்தது: இவருக்கு ஒரு பீப்பாய் சைடரும் (ஆப்பிள் மது) ஓய்வூதியமும் கொடுத்தால் லாக் கேபினில் கிடந்து காலத்தை ஓட்டிவிடுவார் என்று. ஹாரிசன் கட்சிக்காரர்கள் அதையே கொடியாக்கினார்கள். சிறு சிறு லாக் கேபின்களைச் செய்து ஊர்வலத்தில் இழுத்துப் போனார்கள், அந்தப் பெயரிலேயே பத்திரிகை நடத்தினார்கள், வென்றும்விட்டார்கள். வேட்பாளர் பிறந்தது வர்ஜீனியாவின் பெரிய பண்ணை ஒன்றில், செங்கல் மாளிகையில்! ஏழ்மை என்பது தேர்தல் மேடையில் பூசிய வண்ணம். அதை மட்டும் மொழிபெயர்த்துவிட்டுச் சுவரை விட்டுவிட்டால் எப்படி?

லிங்கன் சமாச்சாரமும் அப்படியே. 1809இல் கென்டக்கியில் ஓரறை வீட்டில் பிறந்தார் என்பது உண்மை. அங்கே 56 படிகள் ஏறிப் போனால் கற்கோயில் போன்ற நினைவு மண்டபத்துக்குள் ஒரு வீட்டை வைத்திருக்கிறார்கள். உள்ளே அடங்க வேண்டும் என்பதற்காக அதைக் குறுக்கியும் விட்டார்கள். 2004இல் மர வளையங்களை ஆராய்ந்தபோது அந்த மரங்கள் 1848ஐ ஒட்டி வெட்டப்பட்டவை என்று தெரிந்தது. லிங்கனுக்கு அப்போது வயது நாற்பதை நெருங்கிவிட்டது. அது வேறு கதை. ஆனால் வளையம் எண்ண மரம் முழுசாகக் கிடைத்தது பாருங்கள், அதுதான் நான் சொல்ல வருவது. குடிசையில் எந்த வளையத்தை எண்ணுவது?

இன்னொன்றும் உண்டு. ‘குடிசை’க்கு இன்றைய தமிழில் அரசாங்க வாடை ஏறிவிட்டது. 1970இல் தொடங்கிய குடிசை மாற்று வாரியத்தின் பெயரை 2021இல் மாற்றினார்கள் என்றாலும் அந்தச் சொல் இன்னும் நகர்ப்புறச் சேரியைத்தான் முதலில் நினைவூட்டுகிறது. அமெரிக்காவின் டெலவேர் ஆற்றங்கரைக் காட்டுக்குள் அந்த வாடையை ஏன் கொண்டுபோக வேண்டும்?

‘மரவீடு’ என்போர் இரண்டாவது அணி. அது பொய்யில்லை, ஆனால் அகலம் அதிகம். பத்மநாபபுரம் அரண்மனையின் பெரும்பகுதி மரம். 1830களில் சிகாகோவில் மெல்லிய சட்டங்களை ஆணியடித்து நிறுத்திப் பலகை போர்த்திக் கட்டத் தொடங்கினார்களே, அதுவும் மரவீடு. அந்தச் சட்ட வீடுதான் லாக் கேபினை ஓரங்கட்டியது. இரண்டுக்கும் ஒரே பெயர் வைத்துவிட்டு ‘மரவீட்டின் இடத்தை மரவீடு பிடித்தது’ என்று எழுதுவீர்களா?

மூன்றாவது அணி தூய தமிழ் அணி. அவர்கள்மீது எனக்கு மரியாதை உண்டு. பேருந்தும் அருங்காட்சியகமும் அவர்களைப் போன்றவர்கள் விடாப்பிடியாக நின்றதால் நிலைத்தவை. ஆனால் எதைக் கண்டாலும் ‘அகம்’ சேர்க்கும் பழக்கம் அவர்களைவிட்டுப் போகாது. லாக் என்றால் தடி, எனவே ‘தடியகம்’ என்று ஒரு பட்டியலில் பார்த்தேன். காவல் நிலையத்தில் லத்தி அடுக்கிவைக்கும் அறைக்குப் பொருத்தமான பெயர். அதைத் திருத்துகிறேன் என்று இன்னொருவர் ‘மரத்தடி வீடு’ என்றார். மரத்தடியில் இருக்கும் வீடு என்று யாரும் படிக்க மாட்டார்கள் என்பதில் அவருக்கு எப்படி அவ்வளவு நம்பிக்கை வந்ததோ! ‘உருட்டுக்கட்டை வீடு’ என்பதும் காதில் விழுந்தது. உருட்டுக்கட்டை நம் செய்தித்தாள்களில் என்ன காரியத்துக்குப் பயன்படுகிறது என்பது ஊருக்கே தெரியும்.

இவ்வளவு தேடுவானேன்? மரக்கடைக்குப் போய்க் கேட்டால் போதும். அறுக்காத முழு மரத்தை அங்கே ‘உருட்டு மரம்’ என்கிறார்கள். இலங்கைச் செய்தித்தாள்கள் ‘மரக்குற்றி’ என்று எழுதுகின்றன. முதிரை மரக்குற்றிகள் பிடிபட்டன என்று அடிக்கடி பார்க்கலாம். நல்ல சொல். ஆனால் தமிழ்நாட்டு வாசகருக்குக் குற்றி என்றதும் குத்துக்கல்லாக நிற்கும் முளைதான் தோன்றும். நம் செய்தித்தாள்களின் ‘கட்டை’ செம்மரத்தோடு ஒட்டிப்போய்விட்டது, அடுப்புக்குப் போகிற விறகுக்கும் அதே பெயர். உருட்டு மரத்தில் இந்த இடைஞ்சல் எதுவும் இல்லை. உருண்டையாக இருக்கிறது, நீளமாக இருக்கிறது, உருட்டித்தான் நகர்த்த முடியும். லாக் கேபின் என்பது உருட்டுமர வீடு. அளவில் சிறியது, ஓரறைதான் என்று சொல்ல வேண்டிய இடத்தில் உருட்டுமரக் குடில் என்று எழுதுங்கள், எனக்கு ஆட்சேபம் இல்லை. குடிலில் துறவியின் குளிர்ச்சி உண்டு. குடிசையின் ஓலை வாடை அவ்வளவாக இல்லை.

‘உருட்டு மரம்’ இன்னொரு வேறுபாட்டையும் காப்பாற்றித் தருகிறது. 1803இல் ஓஹையோப் பக்கம் பயணம் செய்த தாடியஸ் ஹாரிஸ் என்ற பாதிரியார், அந்தப் பகுதியில் கேபின் வேறு, லாக் ஹவுஸ் வேறு என்று விளக்கியிருக்கிறார். செதுக்காத மரங்களை அப்படியே அடுக்கி, இடுக்குகளில் பாசியும் வைக்கோலும் திணித்து மண் அப்பினால் கேபின். மரங்களைச் சதுரமாகச் செதுக்கி, இடுக்கில் கல் வைத்து நேர்த்தியாகப் பூசினால் லாக் ஹவுஸ். முதலாவது உருட்டுமர வீடு, இரண்டாவது செதுக்குமர வீடு. நம் மொழிபெயர்ப்பாளர்கள் இரண்டையும் மரக்குடிசை என்று சொல்லி முடித்துவிடுகிறார்கள்.

செதுக்குவதைக் கொஞ்சம் கிட்டப் போய்ப் பார்க்க வேண்டும். மரத்தைக் குறுக்குக் கட்டைகள் மேல் கிடத்தி, இரும்புக் கொண்டி அடித்து அசையாமல் நிறுத்துவார்கள். நம் தச்சர்கள் செய்வது போலவே நூல் அடித்துக் கோடு போடுவார்கள். பிறகு மரத்தின் மேல் ஏறி நின்று, சாதாரணக் கோடாலியால் இடைவெளி விட்டு விட்டுக் கோடு வரைக்கும் வெட்டு விழச் செய்து, நடுவில் இருக்கும் பாளங்களைப் பெயர்த்துத் தள்ளுவார்கள். அதன் பிறகுதான் அகலவாய்க் கோடாலி வரும். அதன் அலகில் ஒரு பக்கம் மட்டும் சாய்வாகத் தீட்டியிருக்கும், மறுபக்கம் தட்டை. கை முட்டி மரத்தில் உரசாமல் இருக்கப் பிடியைப் பக்கவாட்டில் வளைத்திருப்பார்கள். ஓங்கி வெட்டாமல், கோட்டை ஒட்டி மேலிருந்து கீழாகச் சீவிக்கொண்டே போக வேண்டும். பச்சை மரத்தில் அது வழுவழுவென்று இறங்கும்.

இதற்கும் தமிழில் ‘கோடாலி’, முன்னதற்கும் ‘கோடாலி’. தரைப்பலகையைச் சமன்செய்ய அவர்கள் எடுப்பது, வெட்டுவாய் குறுக்காகத் திரும்பிய கருவி. அச்சாக நம் வாய்ச்சி! தச்சர் வீட்டில் இன்றும் கிடக்கும் சொல். அதையும் ‘கோடாலி’ என்று சொல்லும்போதுதான் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது. கூரைக்கான ஓடு போன்ற மரச் சில்லுகளைப் பிளக்கும் நீள அலகுக் கத்தியை மரச் சுத்தியால் அடிக்கிறார்கள். அந்தச் சுத்தி கொட்டாப்புளி. நமக்கு இல்லாத கருவிக்குப் ‘பிளப்புக் கத்தி’ என்று சொல்லிவிட்டுப் போகலாம், யாரும் கேட்கப்போவதில்லை. இருக்கிற சொல்லை எடுக்காமல் விடுவதற்குத்தான் மன்னிப்பு இல்லை.

கடைசியாக ‘முன்னோடி’. பயனியர் என்ற சொல் எங்கே வந்தாலும் முன்னோடிதான்: முன்னோடி வீடு, முன்னோடிக் கருவிகள், முன்னோடிக் கோடாலி. தமிழில் முன்னோடி என்றால் ஒரு துறையில் பிறருக்கு வழிகாட்டியவர். இவர்கள் நிலம் தேடிப் போய்க் காட்டை அழித்துக் குடியேறியவர்கள். அந்தக் காட்டில் ஏற்கெனவே லெனாபே என்ற பூர்வகுடி மக்கள் வாழ்ந்தார்கள், அவர்களுக்கு இவர்கள் எந்த வழியையும் காட்டவில்லை. இந்தக் கட்டுமான முறைகூட இவர்கள் கண்டுபிடித்ததில்லை. 1638 முதல் டெலவேர் ஆற்றங்கரையில் குடியேறிய ஸ்வீடன்காரர்களும் ஃபின்லாந்துக்காரர்களும் தங்கள் ஊரிலிருந்து கொண்டுவந்த கைப்பழக்கம் அது. அதற்கு முன்பே 1607இல் ஜேம்ஸ்டவுனிலும் 1620இல் பிளிமத்திலும் இறங்கிய ஆங்கிலேயர்கள் மரச்சட்டம் நிறுத்திக் கட்டினார்களே தவிர, உருட்டு மரத்தை அடுக்கவில்லை. ஆகவே ‘முன்னோடிகளின் மரக்குடிசை’ என்ற தொடரில் ‘களின்’ என்ற உருபு மட்டும்தான் சரி. ‘குடியேறிகளின் உருட்டுமர வீடு’ என்று எழுதினால் இடமும் அதிகம் பிடிக்காது.